சிலுவை வடிவ இருஅச்சு இழுவைக் கருவி: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

டூயல் ஃபேஸ் 980 (சுமார் 980 மெகாபாஸ்கல் இழுவலிமை கொண்ட எஃகு வகை) போன்ற உயர்வலிமை எஃகுத் தகடுகளைச் சிலுவை வடிவ மாதிரிகளாக வெட்டி, அவற்றின் நான்கு கைகளையும் இழுக்கும் நான்கு ஆக்சுவேட்டர்கள் (இயக்கிகள்) கொண்ட இருஅச்சு இழுவைக் கருவியில் பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறேன். தகட்டை அச்சுவார்ப்பில் (டை) அழுத்தி உதிரிபாகமாக்கும்போது அதன் பெரும்பகுதி ஒரே சமயத்தில் இரு திசைகளிலும் இழுபடுவதால், ஒற்றை அச்சுச் சோதனையை மட்டும் நம்பி தகடு எப்படி வடிவம் பெறும் என்ற கணிப்பில் இறங்குவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து.

கருவி வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுமைத்திறன். கை அகலம் 60 மி.மீ., தடிமன் 1.4 மி.மீ. என்றால் குறுக்குவெட்டுப் பரப்பு 84 ச.மி.மீ.; 980 மெகாபாஸ்கல் தகைவுக்கு (ஓரலகுப் பரப்பின் மீதான விசை) ஒவ்வொரு அச்சிலும் ஏறத்தாழ 82 கிலோநியூட்டன் தேவைப்படும். மென் எஃகுக்குப் போதுமான 50 கிலோநியூட்டன் கருவி இங்கே உதவாது.

ஐஎஸ்ஓ 16842 தரநிலையின்படி மாதிரியின் கைகளில் லேசரால் மெல்லிய நெடும்பிளவுகள் வெட்டப்படுகின்றன. கைகள் மையப் பகுதியின் பக்கவாட்டு நீட்சியைத் தடுக்காமல் இருக்கவும், விசையைப் பரப்பால் வகுத்தே தகைவைப் பெறவும் இவை வழிசெய்கின்றன. ஆனால் உயர்வலிமை எஃகில் விரிசல் பெரும்பாலும் இந்தப் பிளவுகளின் முனையிலேயே தொடங்குகிறது. உருகி ஒட்டிய கசடோடும் சூட்டால் மாறிய ஓரத்தோடும் இருக்கும் முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, சீரற்ற மாதிரியை ஒதுக்கிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

எதிரெதிர் ஆக்சுவேட்டர்கள் ஒத்திசையாவிட்டால் மாதிரியின் மையம் நகர்ந்து, கைகளில் வளைவும் சறுக்குத் தகைவும் கலந்துவிடும். ஆகவே மையத்தை நிலைநிறுத்தும் கட்டுப்பாடு இல்லாத கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரிபை, அதாவது நீட்சியின் அளவை, மாதிரியின் மேல் பூசிய புள்ளிகளின் நகர்வைக் கொண்டு கேமராவால் அளக்கும்போது அந்தப் புள்ளிப் பூச்சு நன்கு காய்ந்து இறுகுவதற்குள் சோதனையை முடிப்பது நல்லது. நாள்பட்ட பூச்சு நீட்சியில் உரிந்துவிடும்.

இந்த உழைப்புக்குக் கிடைக்கும் பலன் பெரிது. விசைகளை 2:1 விகிதத்தில் செலுத்தினால் தளத் திரிபுக்கு (ஒரு திசையில் நீண்டும் குறுக்கே அகலம் மாறாத நிலை) அருகிலுள்ள நிலை நேரடியாகக் கிடைக்கிறது. அங்கே, உலோகம் எப்போது நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எனக் கணிக்கும் வான் மீசஸ் கோட்பாடு ஒற்றை அச்சு மதிப்பைவிடச் சுமார் 15 விழுக்காடு கூடுதல் தகைவைக் கணிக்கிறது. உண்மையான தகடு அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அளந்தே அறிய வேண்டும். இதே கணிப்புக்கு ஹில் 1948-இல் முன்வைத்த சமன்பாட்டின் மாறிலிகளை ஒற்றை அச்சுச் சோதனைகளிலிருந்தே பெறலாம். பார்லாட் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஒய்எல்டி2000-2டி சமன்பாடோ சமஇருஅச்சு (இரு திசைகளிலும் சமமான இழுவை) நிலையின் தகவலையும் கேட்கிறது.

குறை ஒன்றுதான், ஆனால் அது பெரியது: உயர்வலிமை எஃகு குறைவாகவே வினைக்கடினமாவதால் (நீள நீள வலுக்கூடுவதால்), மையப் பகுதி சில விழுக்காடு திரிபை எட்டுவதற்குள் கை கிழிந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட திரிபுக்கு, ஐஎஸ்ஓ 16808 விவரிக்கும் திரவ அழுத்தப் புடைப்புச் சோதனையையும் சேர்த்தே நடத்துகிறேன்; அது சமஇருஅச்சு நிலையை மட்டுமே தந்தாலும், அங்கே கிழிவதற்குக் கைகள் இல்லை.