மாடி அதிர்வை அளக்க நம் கைப்போனா, வாடகைக் கருவியா?

திருகோணமலை உவர்மலையில் நாங்கள் கட்டிய கட்டடத்தின் மேல்மாடி, 9 மீற்றர் நீள இரும்பு பீம்களின் மேல் கொங்கிறீட் போட்டது. வெறும் தளமாக இருந்தபோது ஒருவர் நடந்தாலே மேசனின் தண்ணீர் வாளியில் வளையம் வளையமாக அலை எழும். கீழே கடைக்கு நடுவில் ஒரு தூண் கொடுத்துவிடலாம் என்றார்கள். அளந்து பார்க்காமல் எனக்கு மனம் வரவில்லை.

கொழும்பிலிருந்து அதிர்வை அளக்கும் ஆர்முடுகல்மானி ஒரு நாள் வாடகைக்கு வந்தது. பக்கத்திலேயே என் போனில் பைபொக்ஸ் என்ற இலவசச் செயலி. நுணுக்கத்தில் கருவிதான் மேல், அதில் பேச்சில்லை. ஆனால் இரண்டுமே 6 ஹேர்ட்ஸைத்தான், அதாவது செக்கனுக்கு 6 அதிர்வைத்தான் காட்டின. கணக்கும் அதையே சொன்னது: தளத்தின் தொய்வு 9 மில்லிமீற்றர், 18ஐ அந்த 9இன் வர்க்கமூலமான 3ஆல் வகுத்தால் 6. நிமிடத்துக்கு 120 காலடி வைத்து நடந்தால் செக்கனுக்கு 2, அதன் மூன்று மடங்கு 6, அங்கேதான் பரிவு, அதாவது நடையின் தாளம் தளத்தின் அதிர்வோடு ஒத்துப்போய் ஆட்டம் பெருகும்.

போன் என்றால் ரப்பர் உறையைக் கழற்றி, பீமின் நடுப்பகுதிக்கு மேலே கொங்கிறீட்டில் இருபக்க ரேப்பால் இறுக்கி ஒட்ட வேண்டும், அழைப்பு வராமல் விமானப் பயன்முறையில் போட வேண்டும். கம்பளத்தின் மேல் வைத்து எடுத்த அளவு எதற்கும் உதவாது.

நான் போன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான், திரும்பத் திரும்ப அளக்கலாம். கருவி அன்றிரவே பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டது, அது பார்த்தது வெறும் தளத்தை. வெறும் தளத்தில் தணிப்பு, அதாவது அதிர்வை அடக்கும் தன்மை, 1 சதவீதம் அளவில்தான் இருக்கும், அலுவலகமாக நிரம்பினால் 3 சதவீதம் அளவுக்குப் போகும், பரிவில் அதிர்வு அந்தளவுக்குக் குறையும். அலுமாரிகள் வந்து, கூரை வரை பலகைத் தடுப்பு அடித்த பிறகு அதே ஆள், அதே இடம், அதே 120 தாளத்துக்கு நடக்க வைத்து மறுபடி அளந்தேன். முந்தியதில் பாதிகூட இல்லை. அமெரிக்க உருக்குக் கட்டுமான நிறுவகத்தின் (AISC) 11ஆம் வடிவமைப்பு வழிகாட்டி அலுவலகத்துக்குச் சொல்லும் அதிர்வு எல்லை புவியீர்ப்பு ஆர்முடுகலில் 0.5 சதவீதம், அதற்குள் வந்துவிட்டது. அன்றைய ஒரு நாள் அளவை மட்டும் நம்பியிருந்தால் அந்தக் கடைக்கு நடுவில் இன்று தூண் நின்றிருக்கும்.

நான் அளந்தது இந்த ஒரு மாடிதான். சத்திரசிகிச்சைக் கூடம், நுணுக்குக்காட்டி வைக்கும் ஆய்வுகூடம் என்றால் எல்லை இன்னும் சிறியது, அது போனின் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். அங்கே வாடகைக் காசைப் பார்க்காமல் கருவியையே எடுங்கள், ஆனால் தளபாடம் எல்லாம் வந்த பிறகு எடுங்கள்.