கவுச் டு 5 கே பிளான்: யாழ்ப்பாண வெயிலுக்கை ஒரு வருசத்துக்கு மேல பாவிச்ச அனுபவம்

கவுச் டு 5 கே எண்டு சொல்லுற, கதிரையில இருந்து பழகின ஆளை 5 கிலோமீற்றர் ஓட வைக்கிற உந்த ஓட்டப் பிளானைப் பற்றி இங்கிலீசில கனபேர் எழுதியிருக்கினம், ஆனா நான் வாசிச்சதெல்லாம் குளிர் நாட்டில இருந்து எழுதினது, ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடுறதோ கழட்டிப்போட்டு ஓடுறதோ எண்டதுதான் அவையின்ர பிரச்சினை. யாழ்ப்பாணத்தில, நாப்பதைத் தொட்ட வயசில, வருசக்கணக்கா கந்தோர்க் கதிரையில இருந்து பழகின ஒரு பொம்பிளை இதைச் செய்தால் என்ன நடக்கும் எண்டு எங்க தேடியும் கிடைக்கேல்லை, அதாலதான் இதை எழுதிறன். முடிவை முதலே சொல்லிவிடுறன், பிளான் நல்லது, உண்மையா வேலை செய்யுது, ஆனா 9 கிழமை எண்டு அதில போட்டிருக்கிற கணக்கை எங்கட ஊரில நம்பாதேங்கோ. தைப்பொங்கல் முடிஞ்ச கையோட தொடங்கின எனக்கு அது நல்லூர்க் கொடியேறுற காலம் மட்டும் இழுபட்டது.

தெரியாத ஆக்களுக்கு: அமெரிக்காக்காரர் ஜோஷ் கிளார்க் எண்டவர் 1996இல, ஐம்பது தாண்டின தன்ர அம்மாவை மனசில வைச்சுப் போட்ட பிளான் இது. கிழமைக்கு மூண்டு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் கிழமை 5 நிமிசம் கெதியா நடந்துபோட்டு, பேந்து 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, இப்பிடியே மாறி மாறி 20 நிமிசம். ரெண்டாம் கிழமை 90 செக்கன் ஓட்டம், 2 நிமிசம் நடை. மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு போய் 9ஆம் கிழமை நிக்காமல் 30 நிமிசம். லண்டனில இருக்கிற சித்தியின்ர மகள்தான் எனக்கு இதைச் சொன்னவள், அங்கத்தை அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ் இதுக்கெண்டு காசில்லாமல் ஒரு ஆப் விட்டிருக்கு, காதுக்குள்ள ஒரு குரல் இப்ப ஓடு, இப்ப நட எண்டு சொல்லிக்கொண்டே வருமாம். நான் ஆப் பாவிக்கேல்லை. விடியக்காலமை காதை அடைச்சுக்கொண்டு எங்கட றோட்டில ஓடுறது புத்தியில்லை, நாய் வாறதும் மினிபஸ் வாறதும் கேக்கவேணும். பிளானை ஒரு பேப்பரில எழுதி அலுமாரிக் கதவில ஒட்டிப்போட்டு, மகளின்ர பழைய டிஜிட்டல் மணிக்கூட்டைக் கையில கட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான்.

என்ர நிலைமையைச் சொன்னால்தான் அளவு விளங்கும். கந்தோரில மேல்மாடிக்கு ஏறினால் கொஞ்ச நேரத்துக்கு ஒருத்தரோடையும் கதைக்கேலாது, ஃபைல் தேடுற மாதிரி நிண்டு மூச்சு எடுக்கிறது. பிறசரும் எல்லையில. அதால டொக்டரிட்டைக் கேட்டுப்போட்டுத்தான் தொடங்கினது. நெஞ்சு நோ, தலைச்சுத்து, சீனி வருத்தம், இல்லாட்டி குடும்பத்தில ஆருக்கும் இளவயசில ஹார்ட் அற்றாக் எண்டு ஏதும் இருந்தால் நீங்களும் கேட்டுப்போட்டே தொடங்குங்கோ, உது சும்மா ஒப்புக்குச் சொல்லுற கதையில்லை. முதல் நாள் அந்த 60 செக்கன் இருக்கே, மூண்டாவது தரம் ஓடேக்கை மணிக்கூடு நிண்டுபோச்சோ எண்டு விரலால தட்டிப் பாத்தனான், அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிளானில நேரம் இருக்கு, வேகம் இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் அதின்ர பெரிய குறை. ஓடு எண்டால் எங்கட மனசில வாறது பள்ளிக்கூட இல்ல மெய்வல்லுநர் போட்டி, 100 மீற்றர், சுத்தி நிண்டு கத்துற சனம். அது வேற சாமான். நிண்டுபிடிச்சு ஓடுறதுக்கு வேண்டிய வேகம், பாக்கிற ஆளுக்குச் சிரிப்பு வாற வேகம். கந்தோர் அக்கா ஒராள் துணைக்கு வாறவா, அவா கெதியா நடக்கிறதும் நான் ஓடுறதும் ஒரே வேகம், பக்கத்தில நடந்துகொண்டே லீவு போமைப் பற்றிக் கதைப்பா. அவாதான் அளவுகோலும் சொன்னவா, "ஓடேக்கை ஒரு தேவாரத்தை முழுசாச் சொல்லிப் பார் பிள்ளை, வரிக்கு நடுவில மூச்சு முட்டினால் உனக்கு அந்த வேகம் கூட" எண்டு. பேந்து தேடிப் பாத்தால் பயிற்சியாளர்மாரும் இதைத்தான் டோக் ரெஸ்ற் எண்டு சொல்லினம், முழு வசனம் கதைக்க ஏலுமெண்டால் அதுதான் உங்கட வேகம், கிலோமீற்றருக்கு 8 நிமிசம் வந்தாலென்ன 9 நிமிசம் வந்தாலென்ன.

உந்த ஆறுதலான வேகத்திலதான் உள்ளுக்கை மாற்றம் நடக்குது. ஒரு துடிப்புக்கு இருதயம் தள்ளுற ரத்தம் கூடுது, தசைக்குள்ள மயிர்க்குழாயள் கூடுது, ஒக்சிசனைப் பாவிச்சுச் சக்தி எடுக்கிற இழைமணியளும் கூடுது (ஓ எல் சயன்ஸில படம் கீறி மார்க்ஸ் எடுத்த அதே இழைமணிதான், இருபத்தைஞ்சு வருசத்துக்குப் பிறகு இப்பதான் அதால ஒரு பிரயோசனம்). எனக்கு இது நாடியில தெரிஞ்சது. விடிய படுக்கையால எழும்ப முன்னம் எண்ணினால் தொடங்கேக்கை எண்பதுக்கு மேல நிண்டது, வைகாசி மட்டில எழுபதுக்குக் கீழ வந்திட்டுது. தராசு காட்டாத முன்னேற்றத்தை நாடி காட்டும், தொடங்குற ஆக்கள் இதை எழுதி வைச்சுக்கொண்டு வாங்கோ.

ஆனா மூச்சு முன்னேறுற வேகத்துக்கு எலும்பும் தசைநாரும் வராது. மூச்சுக்குக் கிழமைக் கணக்கு எண்டால் அதுகளுக்கு மாதக் கணக்கு. நாலாம் கிழமை மட்டில, ஓடலாம் எண்டு மூச்சு சொல்லுது, கீழ்க்கால் எலும்பின்ர உள்பக்கம் நீளத்துக்கு நோகுது, விரலால அமத்தினால் துள்ளிவிழுற நோ. இதுதான் ஷின் ஸ்பிளின்ற்ஸ். பக்கத்து வீட்டு மாமி தைலம் தந்தவா, பூசினனான், மணம் நல்லா இருந்தது. சுகப்படுத்தினது ஓய்வும் இடம் மாறினதும்தான். காபெட் றோட்டை விட்டுப்போட்டு ஒழுங்கை மண்ணிலயும் கிறவுண்ட் புல்லிலயும் ஓடத் தொடங்கினன், ரெண்டு கிழமை பழைய பாடத்தையே திருப்பித் திருப்பிச் செய்தன், போட்டுது. ஒண்டு கவனம், நோ நீளத்துக்கு இல்லாமல் ஒரே புள்ளியில குத்தி, சும்மா நடக்கேக்கையும் இருக்கெண்டால் அது எலும்பில வெடிப்பா இருக்கலாம், அதைத் தைலத்தோட விடாமல் டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

இனி அஞ்சாம் கிழமை. இந்தப் பிளான் செய்த ஆரைக் கேட்டாலும் அஞ்சாம் கிழமையைப் பற்றித்தான் கதைப்பினம். முதல் நாள் 5 நிமிசப்படி மூண்டு தரம், ரெண்டாம் நாள் 8 நிமிசம், நடை, திருப்பி 8 நிமிசம். மூண்டாம் நாள் பாத்தால் ஒரே இழுவையில 20 நிமிசம். எழுதின மனுசனுக்கு விசரோ எண்டு யோசிச்சன். குளிர் நாட்டுக்காரர் அதை மனத் தடை எண்டு சொல்லினம், காலுக்குத் தெம்பு வந்திட்டுது, மனசுதான் நம்புதில்லையாம். பாதி சரி. மற்றப் பாதி மாசி பங்குனி வெயில். நான் நடுவில என்ர பாட்டுக்கு ரெண்டு பாடம் செருகினன், 10 நிமிசம் ரெண்டு தரம், பிறகு 12 நிமிசமும் 6 நிமிசமும், அதுக்குப் பிறகுதான் அந்த 20.

அதை ஓடினது யாழ்ப்பாணக் கோட்டையடியில, கடலோரமாப் போற பண்ணை றோட்டில. முனியப்பர் கோயிலடியில தொடங்கி, கோட்டை மதிலை ஒரு பக்கம் விட்டுப்போட்டு கடல் பக்கம். மணிக்கூட்டைப் பாக்கக் கூடாதெண்டு அதை மணிக்கட்டின்ர உள்பக்கம் திருப்பிவிட்டன். தண்ணிக்குள்ள மீன் பிடிக்கக் கட்டின களங்கட்டித் தடியள் நிரையா நிக்கும், காகம் ஒண்டொண்டா அதில குந்தியிருக்கும், அந்தத் தடி மட்டும் போவம், பேந்து அடுத்த தடி மட்டும் போவம் எண்டு போனது. பாதிக்கு மேல வலப்பக்க விலாவில கொளுவிப் பிடிச்சுது, நிக்காமல் வேகத்தைக் குறைச்சு, மூச்சை வாயால நீட்டி வெளியில விட விட இளகிச்சுது. அக்கா பின்னால இருந்து "முடிஞ்சுது, முடிஞ்சுது, நில்லு" எண்டு கத்தினது காத்துச் சத்தத்தில கேக்கேல்லை, நான் தேவையில்லாமல் இன்னும் கொஞ்சம் ஓடியிட்டன்.

காத்தைப் பற்றிச் சொல்லவேணும், உது எந்தப் பிளானிலயும் இல்லாத பாடம். வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் சோளகம், அதுதான் தென்மேற்கில இருந்து வாற காத்து, அடிக்கும், பண்ணை றோட்டு மண்டைதீவுப் பக்கம் தென்மேற்காத்தான் போகுது, அப்ப போகேக்கை முகத்தில அறையிற காத்து, வரேக்கை முதுகில தள்ளுற காத்து. திரும்பி வாறதுதான் சுகம் எண்டு நினைப்பியள், இல்லை. முதுகில காத்து இருக்கேக்கை உங்களைச் சுத்திக் காத்தே இல்லாத மாதிரி, வேர்வை காயாது, விடியச் சூரியன் நேர கண்ணுக்கை, நிழலுக்கு ஒரு மரமில்லை. அதால சோளகத்தில தெம்பை வரேக்கைக்கு மிச்சம் பிடியுங்கோ.

வெயில் மட்டும் எதிரியில்லை, புழுக்கமும்தான். விடியக்காலமை சூடு குறைவு, ஆனா ஈரப்பதன் நாளிலயே அப்பதான் கூட. வேர்வை ஒழுகுமே தவிர ஆவியாப் போகாது, ஆவியாப் போனால்தான் உடம்பு குளிரும். உடம்பைக் குளிர வைக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறதால, மாசியில ஓடின அதே வேகத்துக்கு சித்திரையில இருதயம் கனக்க அடிக்கும். தெம்பு குறைஞ்சுபோச்செண்டு அழத் தேவையில்லை, வேகத்தைக் குறைச்சால் காணும். சூட்டுக்கு உடம்பு பழக ரெண்டு கிழமை மட்டில எடுக்கும். நான் அஞ்சரைக்கு வெளிக்கிட்டு ஆறரைக்குள்ள வீட்டை வந்திடுவன். அரை மணித்தியால ஓட்டத்துக்குத் தண்ணி காணும், ஜீவனி உப்புத்தூள் கரைச்சுக் குடிக்கிற அளவுக்கு ஒண்டும் நடக்கேல்லை, வந்து ஒரு இளநி வெட்டிக் குடிச்சால் அது ஆசைக்கு. தலையிடிச்சுக் குளிர்ந்த மாதிரி, தோல் சிலிர்த்த மாதிரி வந்தால் உடனை நிப்பாட்டி நிழலுக்குப் போங்கோ, வீம்பு வேண்டாம்.

நாய். துரத்தினால் ஓடாதேங்கோ, நில்லுங்கோ, நடவுங்கோ, குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரிக் காட்டுங்கோ, எங்கட நாயளுக்கு அந்தப் பாசை விளங்கும். கடிச்சிட்டுதெண்டால் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரி.

சனத்தின்ர கதை நாயை விடக் குறைவுதான். மாமி முதல் நாள் கேற்றடியில நிண்டு "என்ன பிள்ளை, ஆரும் துரத்துகினமோ?" எண்டு கேட்டவா, ஒரு மாதத்தில "இண்டைக்கு ஏன் பிந்தியிட்டாய்?" எண்டு கேக்கத் தொடங்கியிட்டா. இந்த வயசில ஓட்டம் தேவையோ எண்டு இழுத்த ஒரு அண்ணைக்கு, 2023இல பிலிப்பைன்ஸில நடந்த மூத்தோர் போட்டியில முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா 72 வயசில 1500 மீற்றரில தங்கம் எடுத்ததைச் சொன்னனான், அதோட கதை முடிஞ்சுது. உடுப்பு எண்டால் முழுக் களுசானும் நீளமான பருத்தியில்லாத ரீசேட்டும், பருத்தி வேர்வையைக் குடிச்சு உடம்போட ஒட்டி உரஞ்சும்.

காசு போன ஒரே இடம் சப்பாத்து. முதல் வாங்கினது ரவுணில ஒரு கடையில, றன்னிங் சப்பாத்து எண்டுதான் தந்தவை, மூண்டு மாதத்தில அடி கழண்டு வாயைத் திறந்திட்டுது, கொண்டுபோய்க் காட்ட "மழையில போட்டனியளோ" எண்டு கேட்டினம், சித்திரையில என்ன மழை. ரெண்டாவது கொழும்பில இருந்து எடுப்பிச்சது, இண்டைக்கு மட்டும் நிக்குது. பின்னேரம் போய் வாங்குங்கோ, கால் அப்ப கொஞ்சம் வீங்கியிருக்கும், பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் அகலம் இடம் விட்டு எடுங்கோ.

மெலிஞ்சனியோ எண்டு எல்லாரும் கேக்கிறதால சொல்லுறன், பெரிசா இல்லை. 80 கிலோ ஆள் ஒரு கிலோமீற்றர் ஓடினால் கிட்டத்தட்ட 80 கலோரிதான் எரியும், விடிய மூண்டு நாலு கிலோமீற்றர் ஓடிப்போட்டு வந்து தேங்காய்ப்பூ குவிச்ச புட்டை ரெண்டாந்தரம் போட்டால் கணக்குச் சரி. இடுப்பு கொஞ்சம் வத்தினது, நித்திரை திறம், மாடிப்படி இப்ப ஒரு விசயமே இல்லை. மெலியிறதுக்கு மட்டும் ஓட வெளிக்கிட்டால் ரெண்டாம் மாதம் வெறுத்துப்போம்.

30 நிமிசம் ஓடி முடிச்ச அண்டைக்கு நான் போனது மூண்டரை கிலோமீற்றர் சொச்சம். பேர்தான் 5 கே, அரை மணித்தியாலத்தில 5 கிலோமீற்றர் போக கிலோமீற்றருக்கு 6 நிமிசம் வேணும், தொடங்கின ஆளுக்கு அது லேசில வராது. முழு 5ஐயும் தொட இன்னும் கொஞ்ச மாதம் பிடிச்சுது, திருவிழாவுக்கை றோட்டுப் பூட்டு, பிறகு ஐப்பசி கார்த்திகை மழையில ஒழுங்கை எல்லாம் வெள்ளம், கிழமைக்கணக்கா ஓடேல்லை. மழை விட்டு வந்து பாத்தால் மூச்சு பின்னுக்குப் போட்டுது, ஆனா பூச்சியத்துக்கு இல்லை, நாலாம் கிழமைப் பாடத்தில இருந்து திருப்பி ஏறினன், இந்தமுறை கெதியா ஏறிச்சுது. இப்ப முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட 5 கிலோமீற்றர், நிக்காமல், தேவாரம் சொல்லக்கூடிய மூச்சோட.

பிளானுக்கு மார்க்ஸ் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. ஒண்டு வேகம் சொல்லாததுக்குக் குறைச்சது, ஒண்டு அஞ்சாம் கிழமைக்கு. அடுத்தது 10 கே யோசிக்கிறன், அதுக்குப் பண்ணை சரிவராது, நிழல் வேணும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டங்களுக்கை போற நீள ஒழுங்கையள் ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ, நாய் குறைஞ்ச பக்கமா இருந்தால் இன்னும் நல்லம்.