மூன்று ஆண்டுகளாக ஒரு கண்ணாடிக் குமிழும் உறையாத தண்ணீரும்

பாம்பன் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 0 டிகிரிக்குக் கீழே போயும் உறையாமல் இருக்கும் தண்ணீரின் அடர்த்தியை அளக்க இந்தக் கருவியை வாங்கினேன். 1 மில்லிலிட்டர் பிடிக்கும் போரோசிலிகேட் (வெப்பம் தாங்கும் கண்ணாடி) குமிழ், அதன் தலையில் அரை மில்லிமீட்டர் துளையுள்ள நீண்ட குழாய், அவ்வளவுதான்.

குளிருக்கு ஊரிலேயே வழி இருக்கிறது. படகுகளுக்கு அரைத்துக் கொட்டும் ஐஸ் ஒரு தெர்மகோல் பெட்டி, வாலிநோக்கம் கல்லுப்பு இரண்டு கிலோ. "சார், உப்பு போட்டா ஐஸ் கரையுதே, அப்புறம் எப்படி இன்னும் குளிருது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை அந்தக் கலவை தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வெப்பமானியைச் சொருகியதும் அவளே பார்த்துக்கொண்டாள்.

முதல் வருடம் பாதிநாள் ஏமாற்றம்தான். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும்; அதனால் குளிரக் குளிர இறங்கும் நீர்மட்டம் குழாயில் 4 டிகிரியில் திரும்பி ஏற வேண்டும். எனக்கு நாலரையைத் தாண்டியே திரும்பியது. வெப்பமானியைத்தான் சந்தேகப்பட்டேன். கண்ணாடியும் சேர்ந்து சுருங்குகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது. அந்தத் திருத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும் சரியானது.

பார்க்க வேண்டியது அதற்குக் கீழேதான். 4-லிருந்து 0 வரை நீர்மட்டம் ஏறுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 0-லிருந்து மைனஸ் 10 போவதற்குள் ஒன்பது மில்லிமீட்டர்! மில்லிலிட்டருக்கு 0.9998 கிராம் என்று இருந்த அடர்த்தி 0.9981 ஆகிறது. 1987-இல் ஹேர், சோரன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் மைனஸ் 33 வரை இறக்கி அளந்தார்கள். மைனஸ் 30-லேயே அது 0.984-க்கு வந்துவிடுகிறது. அந்தச் சரிவின் தொடக்கத்தை எங்கள் ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கிறோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் மனம் நிறைகிறது.

மைனஸ் 10 தொட வேண்டுமானால் சுத்தம்தான் எல்லாம். காய்ச்சி வடித்த நீரைக் கொதிக்கவைத்துக் காற்றைப் போக்கி நிரப்புங்கள். ஒரு தூசி இருந்தாலும் மைனஸ் 4-லேயே உறைந்துவிடும். குமிழை நேராக ஐஸில் வைக்காமல், உப்புக் கரைசல் உள்ள சோதனைக்குழாயில் வைத்து, அதை ஐஸில் இறக்குங்கள். ஐஸில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் குளிர் மெதுவாக இறங்கும்.

உறையும் நொடியில் நீர் குழாயில் விருட்டென்று ஏறும், குமிழுக்குள் வெப்பநிலை 0-க்குத் தாவும். உடனே வெளியே எடுக்காவிட்டால் குமிழ் உடைந்துவிடும். எனக்கு மூன்று போயிற்று.

கடற்காற்றின் ஈரம் குழாயின் மேல் படிந்து அளவுக்கோட்டை மறைக்கும். கையில் துணி இருக்கட்டும். வெப்பமானியின் பேட்டரி முனைகளும் மாதம் ஒருமுறை பூத்துவிடுகின்றன. அச்சிட்ட கோடுகள் இரண்டாம் வருடமே அழிந்ததால் இப்போது குழாயின் பின்னால் ஒரு எஃகு அளவுகோலைக் கட்டியிருக்கிறேன்.

பாக் நீரிணைத் தண்ணீரையும் ஒருநாள் நிரப்பினோம். நீர்மட்டம் 4 டிகிரியில் திரும்பவே இல்லை, 0 வரை இறங்கிக்கொண்டே போனது. அடுத்து அதில் பாதிக்கு நல்ல தண்ணீர் கலந்து பார்க்கப் போகிறோம்.