எட்டு வருட டெபியனும் மூலையில் நிற்கிற 32 பிட் பெட்டியும்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், கம்பஸுக்குக் கிட்ட சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். பிரின்ட், போட்டோகொப்பி, தமிழ் டைப்பிங். 2017இல் கடைக் கணினிகளுக்கு டெபியன் என்கிற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 9ஆம் பதிப்பைப் போட்டேன், இப்போது 13. இதற்குள் பதிப்பு மாற்றிய மறுநாள் பிரின்டர் நின்றுபோனது ஒருதரம்கூட இல்லை. அசைன்மென்ட் கொடுக்கிற கடைசி நாளில் வாசல்வரை பிள்ளைகள் நிற்கும்போது எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆனால் முதல் தரம் போட்ட நாள் மறக்காது. இன்ஸ்டோலர் பாதியில் நின்று, வைஃபைக்கு ஃபேர்ம்வெயார் (அந்தச் சில்லை இயக்குகிற சின்ன மென்பொருள்) கோப்பு இல்லை, வேறு பென் டிரைவில் கொண்டுவா என்றது. அதை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு அந்த வைஃபை வேண்டும்! பக்கத்துக் கடைத் தம்பியிடம் ஓடி, ஒருமாதிரி முடிக்க இரவு பதினொரு மணி. யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் அல்லாத எதையும் அதிகாரபூர்வ இன்ஸ்டோலரில் வைப்பதில்லை என்ற கொள்கைதான் காரணம். அந்தக் கொள்கையில் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் புதிதாக வருகிற ஆளை அது படலையிலேயே மறித்துவிட்டது. 2022இல் டெபியன் ஆட்கள் வாக்கெடுத்து அந்த ஃபேர்ம்வெயாரை உள்ளேயே சேர்க்க முடிவெடுத்தார்கள், 2023 ஜூனில் வந்த 12இல் எதுவும் கேட்காமலே வைஃபை பிடித்தது. 1993இலிருந்து நடக்கிற இந்தத் திட்டத்தில், நான் பார்த்த காலத்து மிக நல்ல முடிவு அதுதான்.

அப்புறம் 2025 ஓகஸ்டில் 13 வந்தது. பழைய 32 பிட் இன்டெல் வகைக் கணினிக்கு அதில் இன்ஸ்டோலரும் இல்லை, இயங்குதளத்தின் கருவான கேர்னலும் இல்லை. மூலையில் டைப்பிங்குக்கு வைத்திருக்கும் பழைய பெட்டிக்கு 13 போட வழியில்லாமல் போனது, கவலையாகத்தான் இருந்தது. ஆனால் சரியான முடிவு என்றே சொல்வேன். பெரும்பாலும் சம்பளமில்லாமல் வேலை செய்கிற ஆட்கள். பெருங்கணினி முதல் புதிதாகச் சேர்ந்த ரிஸ்க்-ஃபைவ் ப்ரொசெசர் வரை ஏழு வகைக் கணினிக் கட்டமைப்பை இப்போதும் தாங்குகிறார்கள், இதற்குமேல் எதைத்தான் சுமப்பது?

மிச்சமாகிற உழைப்பு புதிதாக வருகிறவருக்குப் போகவேண்டும். இன்ஸ்டோலர் தமிழிலும் இருக்கிறது, சந்தோசம். ஆனால் இங்கே அநேகமானோர் ஆங்கிலத்தில்தான் போடுகிறார்கள், பிறகு தமிழில் எழுத ஐபஸ், எம்17என் என்று தட்டச்சு மென்பொருள்களைத் தேடிப் போடவேண்டியிருக்கிறது. போன கிழமையும் ஒரு கம்பஸ் பிள்ளை லப்டொப்பைக் கொண்டுவந்து, "அண்ணா, எல்லாம் வேலை செய்யுது, தமிழ் மட்டும் வருதில்லை" என்றாள். பத்து நிமிட வேலை, ஆனால் கடைக்கு வந்து கேட்கிற அளவுக்கு அது ஒளிந்திருக்கக் கூடாது.

மூலைப் பெட்டியில் 12 ஓடுகிறது, அதற்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், உண்டு. அதுவரை அங்கேயே நிற்கட்டும்.