ராத்திரி 8 மணிக்கு எது கைகொடுக்கும்?

2012-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, சோமனூர்ப் பக்கம் சித்தப்பாவின் தறிக்குடோனில்தான் பாதி நாள் இருப்பேன். கரண்ட் போனதும் எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும். திரும்ப ஓட்டினால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டுக்குக் கூலியில் பிடித்தம். சென்னையில் 2 மணி நேர வெட்டு. எங்களுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டும். "கரண்டு குறைச்சலா வந்தாக்கூடப் பரவால்ல கண்ணு, எப்ப வரும்னு சொன்னாப் போதும். ஆளை நிறுத்தி வெச்சுட்டு உக்காந்திருக்க முடியல" என்பார் சித்தப்பா.

அன்றைய பற்றாக்குறை மொத்தப் பற்றாக்குறை. தென்மாநிலங்களின் கிரிட் (மின்கட்டமைப்பு) நாட்டின் மற்ற கிரிட்களோடு இணைந்ததே 2013 டிசம்பர் 31-ல், ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத்தான். அதுவரை வடக்கே மின்சாரம் இருந்தாலும் தேவையான அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. இப்போது கதை வேறு. தமிழ்நாட்டில் காற்றாலை, சூரியமின் இரண்டின் நிறுவுதிறனும் தனித்தனியே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நல்ல வெயில் நாளில் மதியம் 12 மணிக்கு மின்சாரம் மிஞ்சுகிறது. சூரியன் இறங்கி, வீடுகளில் ஏசி ஓட ஆரம்பிக்கும் 7 மணியிலிருந்து 11 மணி வரைதான் இழுபறி. அதிலும் ஏப்ரல் மாதம் மோசம். காற்று வைகாசிக்குப் பிறகுதான் முறையாக வரும்.

ஆக, எந்த வழியைச் சொன்னாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏப்ரல் மாத ராத்திரி 8 மணிக்கு அது என்ன தரும், யூனிட் என்ன விலைக்குத் தரும்?

முதலில் அனல்மின். 8 மணிக்குத் தரும், சந்தேகமில்லை. ஆனால் வடசென்னை மூன்றாம் நிலையின் 800 மெகாவாட்டுக்கு 2016-ல் ஒப்பந்தம் கொடுத்து, திறந்தது 2024 மார்ச்சில். உடன்குடிக்கு 2017-ல் ஒப்பந்தம். அதுவும் இழுத்துக்கொண்டே போனது. நிலக்கரி ஒடிசாவின் தால்ச்சரில் ரயிலேறி, பாராதீப்பில் கப்பலேறி இங்கே வர வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது. ஓரளவுக்குக் கீழே உற்பத்தியை இறக்கவும் முடியாது. மதியம் சூரிய மின்சாரம் வழியும்போதும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும். நாலு மணி நேரத் தேவைக்கு 24 மணி நேர அடுப்பு. கட்டிக்கொண்டிருப்பதை முடிக்க வேண்டும், சரி. புதிதாக ஒன்றைத் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அணுமின்னை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. கூடங்குளத்தின் தலா 1,000 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளும் இரவு பகலாக ஒரே சீராக ஓடுபவை. அந்த அடித்தளம் தேவைதான், ஆனால் மாலை உச்சத்துக்கு ஏற்ப அதை ஏற்றி இறக்க முடியாது.

வெளியிலிருந்து வாங்குவது? இப்போது பாதை இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின் பாதையே போட்டாகிவிட்டது. பிரச்சினை விலை. நமக்குத் தேவைப்படும் அதே நேரத்தில்தான் எல்லா மாநிலங்களும் சந்தைக்கு வருகின்றன. மறுநாள் மின்சாரத்தை முந்தைய நாளே ஏலத்தில் வாங்கும் சந்தையில் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கோடை இரவுகளில் விலை அந்தக் கூரையில் போய் முட்டும். மதியம் அதே சந்தையில் பாதி விலைகூடப் போகாது.

மதியம் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து ராத்திரி எடுத்தால் என்ன? உண்மையான போட்டி இங்கேதான். நீரேற்று மின் நிலையமா, பேட்டரியா?

நீரேற்று நிலையம் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாறிலிருந்து நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது அதையே கீழே விட்டுச் சுழலியைச் சுற்றுவது, அவ்வளவுதான். ஏற்றச் செலவழிக்கும் 100 யூனிட்டில் 75 முதல் 80 வரை திரும்பக் கிடைக்கும். நாற்பது ஐம்பது வருடம் உழைக்கும். அடுத்தது நீலகிரியில் போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி–எமரால்டு அணைகளுக்கும் நடுவே குந்தா திட்டம், 500 மெகாவாட். பல வருடமாக மலையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அணைகள் ஏற்கெனவே இருப்பதால் புதிதாக மூழ்கப்போகும் காடு குறைவு; அந்த வகையில் இது நல்ல திட்டம். ஆனால் அதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மலைச்சரிவுகள் பெயர்ந்து விழுந்ததையும் பார்த்தோம். அந்த மலையில் இன்னும் எத்தனை சுரங்கம் தோண்டலாம் என்பதை மெகாவாட் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

பேட்டரி இந்த வேகத்தில் மலிவாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2 மணி நேரம் தாங்கும் பேட்டரிக்கு 2022 டெண்டரில் மெகாவாட்டுக்கு மாத வாடகையாக 10.8 லட்சம் ரூபாய் கேட்டார்கள். 2024 முடிவதற்குள், மத்திய அரசின் உதவித் தொகையோடு, அது 2.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்த 2.5 லட்சத்தையே வைத்துக் கணக்குப் போடுவோம். தினமும் ஒரு முறை ஏற்றி இறக்கினால் மாதம் 60,000 யூனிட். யூனிட்டுக்குச் சேமிப்புச் செலவு 4 ரூபாய் சொச்சம். மதியச் சூரியமின் 3 ரூபாய் என்று வைத்து, 15 சதவீத இழப்பையும் சேர்த்தால் 8 ரூபாய்க்குள் அடங்குகிறது. சந்தையின் 10 ரூபாயைவிடக் குறைவு.

அதோடு, பேட்டரியை எங்கே குறைச்சலோ அங்கேயே வைக்கலாம். மின்பாதையின் கடைசியில் இருக்கிற ஊரில் மின்வெட்டு இல்லாத நாளிலும் டியூப்லைட் துடிக்கும், மோட்டார் முனகும். அந்த ஊர்த் துணைமின் நிலையத்திலேயே ஒரு பேட்டரி இருந்தால் மாலை நேர லோ வோல்டேஜும் சரியாகும். மலையில் இருக்கும் நிலையத்தால் இது முடியாது. குறையென்று பார்த்தால் ஆயுள்: 12, 15 வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். செல்களுக்கு இறக்குமதியை நம்ப வேண்டும்.

என் தேர்வு: குந்தாவை முடிப்பது, அடுத்த ஐந்து வருடத்துக்குப் பணத்தின் பெரும்பகுதியைத் துணைமின் நிலையப் பேட்டரிகளில் போடுவது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்று கிராமத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கு மேல் விவசாய இணைப்புகள். த்ரீ ஃபேஸ் எப்போது வரும் என்று தெரியாததால் பலர் மோட்டார் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார்கள். ராத்திரி கரண்ட் வந்த நொடியில் ஒரு ஃபீடரின் (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதையின்) மோட்டார்கள் மொத்தமும் ஒன்றாக எடுக்கும். வோல்டேஜ் அப்படியே உட்காரும். அப்புறம் டார்ச்சோடு வரப்பில் நடந்து போய் மடை மாற்ற வேண்டும், பாம்புக்குப் பயந்துகொண்டே. மோட்டார்களுக்குத் தனி ஃபீடர் இழுத்து, காலை 9 முதல் மாலை 4 வரை தடையில்லாமல் கொடுத்தால், மிஞ்சுகிற சூரியமின் அங்கே போய்விடும். மாலைச் சுமையும் அந்த அளவுக்கு இறங்கும்.

தனி ஃபீடருக்குக் கம்பமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் போதும். ஒரு வட்டத்தில் அடுத்த கோடைக்குள் முடிக்கக்கூடிய வேலை. முதல் டெண்டர் இதற்குத்தான் வர வேண்டும்.