கிளாக் 43எக்ஸா, சிக் பி365ஆ: விரலுக்கு எது ஒத்துவரும்?

அமெரிக்காவில் இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ள 9 மி.மீ. கைத்துப்பாக்கி தேடுபவர்களில் பலர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டில்தான். ட்ரிகர் எடை, அதாவது சுடும் விசையை இழுக்க விரல் கொடுக்கவேண்டிய அழுத்தம், இரண்டிலும் ஏறத்தாழ 5.5 முதல் 6 பவுண்டு. எடையை விட்டுவிடுங்கள், வித்தியாசம் இழுவையில் இருக்கிறது.

இழுவை:
கிளாக் – முதலில் தளர்வு, பிறகு சுவர் போல ஒரு தடை, அதைத் தாண்டினால் சட்டென்று சுடும்.
சிக் – தடை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. வழுக்கிக்கொண்டே போய்ச் சுடும்.

பாதுகாப்பு:
கிளாக் – ட்ரிகரின் நடுவிலேயே சிறு நாக்கு. அதையும் சேர்த்து அழுத்தினால்தான் ட்ரிகர் நகரும்.
சிக் – நாக்கு இல்லை. கட்டைவிரல் பூட்டு வேண்டுமானால் அந்த மாடலைக் கேட்டு வாங்கவேண்டும்.

சுத்தம் செய்யக் கழற்ற:
கிளாக் – ட்ரிகரை இழுத்தே ஆகவேண்டும். அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) ஒரு தோட்டா மறந்துபோயிருந்தால் வெடிக்கும்!
சிக் – இழுக்கவேண்டாம். எனக்கு இது பெரிய விஷயம்.

கடையில் அனுமதி கேட்டு, மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, ஸ்லைடை (மேலே நகரும் பாகம்) பின்னால் இழுத்து, அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பத்திரமான திசையில் பிடித்து ட்ரிகரை இழுத்து, விடாமல் ஸ்லைடை மறுபடி இழுங்கள். இப்போது விரலை மெல்லத் தளர்த்தினால் 'டிக்' என்று கேட்கும் இடம்தான் ரீசெட், அதாவது ட்ரிகர் அடுத்த சூட்டுக்குத் தயாராகும் இடம்.

தடையில் நிறுத்தி நிதானமாகச் சுடுபவருக்கு கிளாக். சின்னக் கைக்கும் ஒரே மூச்சில் இழுக்கும் பழக்கத்துக்கும் சிக்.