“கேட் கன்வெர்ட்டர் அடைச்சிருக்கு சார்”: 23,600 ரூபாய் போச்சு, பழைய கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியில் பிக்கப் போனால், சைலன்சரில் நாற்றம் அடித்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதைக் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் 23,600 ரூபாய் எப்படிப் போனது என்று கேளுங்கள். தலைப்பில் உள்ள கேட் கன்வெர்ட்டர் என்பது சைலன்சர் குழாயில் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்யும் பார்ட்.

என்னுடையது 2014 மாடல் வேகன் ஆர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், பிஎஸ் 4 (பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு உட்பட்டது). சேலத்திலிருந்து தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் இழுவை விட்டுவிட்டது. ஆக்ஸிலேட்டரை அடி வரை மிதித்தாலும் உறுமல்தான் வருகிறது, வேகம் ஏறவில்லை. அந்த ரோடு எப்பேர்ப்பட்ட ரோடு என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும், பின்னால் வந்த டேங்கர் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. டாஷ்போர்டில் இன்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. ஓரம் கட்டி நிறுத்தினால் வண்டி குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்குகிறது, பின்னால் போய் நின்றால் பெட்ரோல் நாற்றம். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு என்ன என்று வண்டி அப்போதே சொல்லிவிட்டது.

கொண்டுபோய் விட்டது பைபாஸ் ஓரமாகப் புதிதாக முளைத்திருக்கும், எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற, ஏசி வெயிட்டிங் ரூம் வைத்த ஒர்க் ஷாப். பெயர் போடவில்லை, கேஸ் என்று வந்தால் எனக்கே பிரச்சினை என்று வக்கீல் நண்பர் சொல்கிறார். மேனேஜர் பையனுக்கு முப்பது வயசு இருக்கும். காபி வந்தது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினான், “வேற இடத்துல கொடுத்திருந்தா இன்ஜினையே இறக்கியிருப்பாங்க சார், நாங்க ஸ்கேன் பண்ணாம ஒரு போல்ட்டைக்கூட தொட மாட்டோம்” என்றான். அந்த ஒரு வார்த்தையில்தான் மனசு அவன் பக்கம் சாய்ந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினான். சாயங்காலம் ஒரு வீடியோ வந்தது, தேன்கூடு மாதிரி இருக்கிற கன்வெர்ட்டர் உள்ளே உருகிக் கட்டியாகக் கிடக்கிறது. “புகை வெளியே போக வழி இல்ல, இன்ஜின் எப்படி சார் மூச்சு விடும்?” என்று வாய்ஸ் நோட். நியாயமாகத்தான் பட்டது. கேட் கன்வெர்ட்டர் அடைத்தால் இழுவை போவது உண்மைதானே. 20,000, அதற்கு ஜிஎஸ்டி 3,600, ஆக 23,600. ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் தாளில் கையால் எழுதிக் கொடுத்தார்கள், ஜிஎஸ்டி நம்பர் இல்லை. ஜிஎஸ்டி மட்டும் வாங்கிக்கொண்டார்கள்!

வண்டி வந்தது. லைட் மின்னவில்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் நடுக்கம் அப்படியே இருக்கிறது, ஐந்து ரோட்டு மேம்பாலத்தில்கூட இரண்டாவது கியர் கேட்கிறது. போன் பண்ணினால் “புது பார்ட் செட் ஆகணும் சார், ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க.” ஓட்டிவிட்டுக் கேட்டால் “இப்ப பெட்ரோல்ல எத்தனால் 20 பர்சென்ட் கலக்குறாங்க சார், பழைய வண்டி எல்லாம் இப்படித்தான்.” அப்புறம் டெக்னீஷியன் லீவு. அப்புறம் டெக்னீஷியன் ஊருக்கே போய்விட்டார். அப்புறம் அதே மேனேஜர், காபி கொடுத்த அதே பையன், “நீங்க எந்த வண்டி சார்?” என்று கேட்டான். அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

இன்சூரன்ஸ் முடிகிறது என்று புகைச் சான்றிதழ் எடுக்கப் போனேன். பிஎஸ் 4 பெட்ரோல் காருக்கு ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், எரியாத பெட்ரோலான ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், இதற்குள் இருக்க வேண்டும். என் வண்டியில் ஹைட்ரோகார்பன் ஆயிரத்தைத் தாண்டி ஓடுகிறது. மெஷின் வைத்திருந்த தம்பியே சொன்னான், “வண்டி மிஸ்ஸிங் அடிக்குதுண்ணே, எரியாத பெட்ரோல் வருது, யார்கிட்டயாவது காட்டுங்க.”

அம்மாபேட்டையில் தகர ஷெட் போட்ட ஒரு பெரியவர் இருக்கிறார், லேப்டாப்பும் இல்லை காபியும் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிளக் பொறி விடக் கரண்ட் கொடுப்பது இக்னிஷன் காயில். இன்ஜினை ஓடவிட்டு அவை ஒவ்வொன்றின் சாக்கெட்டாகக் கழற்றினார். முதலாவதைக் கழற்றினால் இன்ஜின் தடுமாறுகிறது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றினால் ஒரு மாற்றமும் இல்லை. “இது ஏற்கெனவே வேலை செய்யலைங்க, அப்புறம் கழட்டுனா என்ன, மாட்டுனா என்ன?” பழைய காயிலைக் கையில் கொடுத்தார், ரப்பர் பூட்டில் கறுப்பாக முடி மாதிரி ஒரு கோடு, கரண்ட் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது. காயிலும் மூன்று பிளக்கும் கூலியும் சேர்த்து 3,400 ரூபாய். வண்டி பழையபடி ஏறுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் தெண்டம் என்று விட்டிருப்பேன். மறுபடி டெஸ்ட் எடுத்தால் அளவு இறங்கியிருக்கிறது, ஆனாலும் ஃபெயில். பெரியவர் வண்டிக்கு அடியில் போய், ‘புது’ கன்வெர்ட்டரை ஸ்பானரால் தட்டினார். காலிக்குடம் சத்தம். உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் ஓடு! கன்வெர்ட்டரிலிருந்து வரும் புகையைக் கவனிக்கிற பின்பக்க ஆக்ஸிஜன் சென்சாரில் ஒரு ஸ்பேசர் (இடைத்துண்டு) செருகிக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்திருக்கிறார்கள், உள்ளே காலி என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் இருக்க. என்னுடைய ஒரிஜினலில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கும், அதற்குத் தனி மார்க்கெட் இருக்கிறது. மாருதி ஈகோ வேன்களில் சைலன்சரை அறுத்துக்கொண்டு போகிறார்கள் என்று செய்தி வருகிறதே, அதுவும் இதற்காகத்தான். ஈகோக்காரருக்கு ராத்திரி திருடினார்கள், எனக்குப் பட்டப்பகலில் 23,600 வாங்கிக்கொண்டு கழற்றியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து அந்த வாட்ஸ்அப் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே ஒரு கோளாறு கோடு (code), பி0302. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அந்த மிஸ்ஸிங் என்று அர்த்தம். கன்வெர்ட்டருக்கு வரும் பி0420 அதில் இல்லவே இல்லை. முதல் நாளே அவர்கள் லேப்டாப்பில் விடை இருந்திருக்கிறது. அந்த வீடியோவும் என் வண்டியுடையது இல்லை, பின்னால் தெரிகிற லிஃப்ட்டில் நிற்பது வெள்ளை வண்டி, என்னுடையது சில்வர்.

நேரில் போய்ப் பழைய பார்ட்டைக் கேட்டேன். “ஸ்கிராப்ல போயிடுச்சு சார், வேஸ்ட்தானே அது.” 23,600? “எங்க சிஸ்டத்துல உங்க பேர்ல ஜாப் கார்டே இல்லையே.” சத்தம் போட்டேன், அந்த ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து பார்த்தார்கள், அவ்வளவுதான் நடந்தது. புது கன்வெர்ட்டர் விலை விசாரித்திருக்கிறேன், அதை இங்கே எழுத மனசு வரவில்லை. அதை வாங்கிப் போடும்வரை புகைச் சான்றிதழ் இல்லை, செக்கிங்கில் சிக்கினால் 10,000 வரை அபராதம் போடலாம்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முடிந்தவரை சொல்கிறேன். இன்ஜின் லைட் மின்னினால் மிஸ்ஸிங், முதலில் பிளக், காயில், அப்புறம்தான் மற்றதெல்லாம். மிஸ்ஸிங்கோடு ரொம்ப நாள் ஓட்டினால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து நிஜமாகவே அதை உருக்கிவிடும், தள்ளிப் போடாதீர்கள். அடைப்பு என்று சொன்னால் முன்பக்க ஆக்ஸிஜன் சென்சார் ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஐடிலில் சுமார் ஒன்றேகால் பிஎஸ்ஐ, 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ, அதற்குள் இருந்தால் அடைப்பே இல்லை. ஸ்கேனில் வரும் கோளாறு கோடு நம்பரை அங்கேயே கூகுளில் போட்டுப் பாருங்கள். கழற்றிய பார்ட் உங்கள் டிக்கியில் ஏறாமல் பணம் போடாதீர்கள். ஜிஎஸ்டி நம்பர் இல்லாத தாளுக்கு ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் வரைக்கும் அங்கே ஃபைலிங் கட்டணம் கிடையாதாம். சேலத்தில் இதே மாதிரி காலி ஓடு மாட்டிவிடப்பட்டவர்கள் யாராவது இருந்தால் மெசேஜ் போடுங்கள், சேர்ந்தே போவோம்.